எந்தக் களத்துக்கு எந்த மூவ்? போக்கிமான் கோ தாக்குதல் தேர்வு: ஓர் ஆய்வு

2016 ஜூலையில் போக்கிமான் கோ வெளியான முதல் சில வாரங்களில் ஜிம்களை ஆண்டது வேப்போரியான் என்ற நீர் வகைப் போக்கிமான். அரிய ஒன்றல்ல, அதன் முந்தைய வடிவமான ஈவி கிடைத்தவர்கள் எல்லோரும் அதை வளர்த்துவிட முடிந்தது. அதன் வாட்டர் கன் அப்போது ஓர் அடிக்கு 10 வலு கொண்டிருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் ஆட்டத்தை உருவாக்கிய நயான்டிக் அந்த எண்ணை 6 ஆகக் குறைத்தது. வேப்போரியானின் உடல் வலுவோ தற்காப்போ தேயவில்லை. ஒரு சிறு தாக்குதலின் எண் மாறியது, அதோடு அதன் ஆட்சி ஆட்டம் கண்டது. ஒரு போக்கிமானின் தகுதியைத் தீர்மானிப்பதில் அதன் மூவ்களுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை ஆட்டக்காரர்கள் அன்றே கண்ணால் பார்த்தார்கள். ஆனாலும் இன்றுவரை பெரும்பாலோர் முதலில் பார்ப்பது சி.பி. என்ற போர்வலு எண்ணை, அடுத்துப் பார்ப்பது ஐ.வி. என்ற பிறவித் தரத்தைக் காட்டும் நட்சத்திரங்களை. மூவ் கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆடாதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒரு ஃபாஸ்ட் மூவ் உண்டு. திரையைத் தட்டத் தட்ட அது அடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் எனர்ஜி சேரும். சேர்ந்த எனர்ஜியைச் செலவழித்து அடிக்கும் பெரிய அடி சார்ஜ் மூவ். பலர் சேர்ந்து ஒரு பெரிய எதிராளியை வீழ்த்தும் ரெய்டிலும், ஜிம்மிலும் சார்ஜ் மூவுக்கு 33, 50, 100 என்று மூன்று விலைதான். திரையில் மூன்று கோடு, இரண்டு கோடு, ஒரு கோடு என்று தெரிவது இதுவே. தொடக்கத்தில் எந்த மூவ் அமையும் என்பது முழுக்க அதிர்ஷ்டம். அமையாவிட்டால் இன்னொன்றைப் பிடித்து வளர்ப்பதைத் தவிர அப்போது வழி இருக்கவில்லை. 2017 கோடையில் ரெய்டுகளோடு டி.எம். வந்து மூவை மாற்ற வழி பிறந்தது. 2018 ஜனவரியில் கம்யூனிட்டி டே என்ற சிறப்பு நாள் நிகழ்வு தொடங்கியது. அன்றைக்கு வளர்த்தால் மட்டுமே கிடைக்கும் சிறப்பு மூவ்கள் பிறந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டாவது சார்ஜ் மூவைத் திறக்கும் வசதி வந்தது. விரும்பிய மூவை நாமே தேர்ந்தெடுக்க உதவும் எலீட் டி.எம். 2020இல் வந்தது. தேர்வு என்று பேச இடமே இல்லாத ஆட்டம், நான்கே ஆண்டுகளில் தேர்வே பாதி ஆட்டமாக மாறிவிட்டது.

தேர்வில் முதல் இடம் வகைக்குத்தான். இதில் கருத்து வேறுபாடே கிடையாது. தாக்குதலின் வகை எதிராளியின் பலவீனத்தில் பட்டால் சேதம் 1.6 மடங்கு, எதிராளியின் இரண்டு வகைகளுமே அதற்குப் பலவீனமானவை என்றால் 2.56 மடங்கு. எதிராளி தாங்கும் வகையாக இருந்தால் 0.625தான். அடிக்கும் போக்கிமானும் அதன் மூவும் ஒரே வகை என்றால் இன்னொரு 1.2 மடங்கு சேரும். வானிலை ஒத்துவந்தால் மறுபடியும் 1.2.

காகிதத்தில் இவை சிறிய எண்கள். களத்தில் எப்படிப் பெருகுகின்றன என்பதற்கு டைரனிடாரைப் பாருங்கள். பாறை, இருள் என இரு வகை கொண்ட போக்கிமான் அது. அதன் ஃபாஸ்ட் மூவ்களில் ஸ்மாக் டவுன் பாறை வகை, அயன் டெயில் எஃகு வகை. ரெய்டுகளில் நீண்ட காலம் இருந்த கணக்குப்படி ஸ்மாக் டவுன் 1.2 வினாடியில் 16 வலு. அயன் டெயில் 1.1 வினாடியில் 15. வெறும் வேகத்தைப் பார்த்தால் அயன் டெயில் ஒரு மயிரிழை முன்னால்கூட நிற்கிறது. இப்போது இரண்டையும் மோல்ட்ரெஸ் ரெய்டுக்குக் கொண்டு செல்லுங்கள். மோல்ட்ரெஸ் நெருப்பும் பறத்தலும் சேர்ந்தது; பாறைக்கு இரண்டுமே அஞ்சும். ஸ்மாக் டவுனுக்கு 2.56 பெருக்கல் 1.2, அதாவது மூன்று மடங்குக்குச் சற்று மேல். எஃகை நெருப்பு தாங்கும். டைரனிடார் எஃகு வகையும் அல்ல. ஆகவே அயன் டெயிலுக்கு மிஞ்சுவது 0.625. ஒரே போக்கிமான், ஒரே சி.பி., ஒரே ஐ.வி., ஆனால் அடியில் ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம். ரெய்டு அறையில் பக்கத்தில் நிற்பவரின் திரையில் இரண்டு டைரனிடார்களும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதே டைரனிடாருக்கு பைட், கிரஞ்ச் என்ற இருள் வகை மூவ்களைக் கொடுத்தால் அது மியூட்டூ போன்ற மனோசக்தி வகைகளை எதிர்க்கும் வேறொரு போர்வீரன். ஸ்மாக் டவுனோடு ஸ்டோன் எட்ஜ் சேர்ந்தால் பாறைப் படை. பைட்டோடு கிரஞ்ச் சேர்ந்தால் இருள் படை. இங்கே பலர் தடுமாறுவது, ஃபாஸ்ட் மூவ் ஒரு வகையாகவும் சார்ஜ் மூவ் இன்னொரு வகையாகவும் விட்டுவைப்பதில்தான். ரெய்டில் அப்படிப்பட்ட கலவை எந்த எதிராளிக்கும் முழுமையாகப் பொருந்தாது. ரெய்டுக்கு வளர்ப்பதாக இருந்தால் இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் புதிதாக வருபவருக்கு இதைவிடப் பயனுள்ள ஒற்றை விதி இல்லை.

வகை பொருந்திய பிறகுதான் எண்கள் பேச வேண்டும். இதில் ஆட்டக்காரர்களிடையே மூன்று போக்குகள் உண்டு. திரையில் தெரியும் வலு எண்ணைப் பார்த்து, பெரிய எண்ணைத் தேர்வது முதல் போக்கு. வினாடிக்கு எவ்வளவு சேதம் என்று கணக்கிடுவது இரண்டாவது, இதை டி.பி.எஸ். என்பார்கள். சாவதற்குள் மொத்தம் எவ்வளவு சேதம் என்று பார்ப்பது மூன்றாவது, டி.டி.ஓ. முதல் போக்கு தவறானது என்பதை வீனசாரை வைத்தே காட்டிவிடலாம்.

ரெய்டுகளில் நீண்ட காலம் இருந்த எண்களின்படி, வீனசாரின் பழைய சார்ஜ் மூவ் சோலார் பீம்: 180 வலு, 100 எனர்ஜி, 4.9 வினாடி. 2018 மார்ச் கம்யூனிட்டி டேயில் பல்பசாரை வீனசார் வரை வளர்த்தவர்களுக்குக் கிடைத்தது ஃப்ரென்ஸி பிளான்ட்: 100 வலு, 50 எனர்ஜி, 2.6 வினாடி. திரையில் பார்ப்பவருக்கு 180 எங்கே, 100 எங்கே என்று தோன்றும். ஆனால் சோலார் பீமுக்குச் செலவாகும் அதே 100 எனர்ஜியில் ஃப்ரென்ஸி பிளான்ட்டை இருமுறை அடிக்கலாம், 200 வலு. இரண்டுக்கும் சேர்ந்து 5.2 வினாடி. எனர்ஜிக் கணக்கிலும் வினாடிக் கணக்கிலும் சிறிய எண்ணே வெல்கிறது. இந்த வினாடிக் கணக்கு ஆட்டத்தின் திரையில் இல்லை. ஆட்டத்தின் தரவுக் கோப்பைத் துருவி எடுத்து ஆட்டக்காரர்களே பட்டியலிட்டு வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. இந்த எண்கள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கிடும் முறை மாறுவதில்லை.

ஃபாஸ்ட் மூவையும் சேர்த்துக் கணக்கிட்டால் படம் முழுமையாகும். அதே பழைய எண்களின்படி வைன் விப் 0.6 வினாடியில் 7 வலு, 6 எனர்ஜி. ஐந்து வினாடியில் 50 எனர்ஜி சேர்ந்துவிடும். அதற்குள் 58 வலுவுக்கு அடித்தும் இருக்கும். அதன்மேல் ஃப்ரென்ஸி பிளான்ட் 100. ஆக 7.6 வினாடியில் 158, வினாடிக்கு 20.8. இதே வைன் விப்போடு சோலார் பீமைச் சேர்த்தால் வினாடிக்கு 19.9. சார்ஜ் மூவை ஃப்ரென்ஸி பிளான்ட்டாகவே வைத்து, வைன் விப்புக்குப் பதில் ரேஸர் லீஃப் போட்டால் 19.8. வித்தியாசம் ஐந்து விழுக்காடு அளவே. வாங்கும் அடிக்கும் எனர்ஜி சேரும் என்பதால் நிஜச் சண்டையில் வைன் விப்புக்கும் ரேஸர் லீஃபுக்கும் இடையிலான இடைவெளி இன்னும் சுருங்கும். சோலார் பீமுக்கு மட்டும் வேறொரு தொல்லை உண்டு: 90 எனர்ஜி சேர்த்து வைத்திருக்கும்போது எதிராளியின் ஓர் அடியில் வீனசார் விழுந்துவிட்டால் அத்தனையும் வீண். குறைந்த விலை மூவை அடிக்கடி பயன்படுத்துபவருக்கு இந்த நட்டம் சிறிது. எதிராளியின் பெரிய அடியைக் கண்டு விலகவும் அவருக்குத்தான் நேரம் கிடைக்கும்.

டி.பி.எஸ். வேண்டுமா, டி.டி.ஓ. வேண்டுமா என்ற நெடுநாள் வாதத்துக்கு ஐந்து நட்சத்திர ரெய்டின் அமைப்பே விடை வைத்திருக்கிறது. எதிராளிக்கு 15,000 உயிர்ப்புள்ளி. நமக்கு 300 வினாடி. எத்தனை பேர் சேர்ந்தாலும் வினாடிக்கு 50 சேதம் போனால்தான் வெற்றி. இருவர் என்றால் ஆளுக்கு 25. இங்கே எதிரி கடிகாரம், ஆகவே டி.பி.எஸ். முதலில். ஆனால் ஆறு போக்கிமானும் விழுந்து, மறுபடி அறைக்குத் திரும்பி, புது அணியோடு உள்ளே வருவதற்குள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பதினைந்து இருபது பேர் சேரும் பெருநகரங்களில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நம்மூரில் பல சிற்றூர்களில் ஜிம்மே அரிது, சேர்ந்து ஆட இரண்டு மூன்று பேர் கிடைத்தாலே பெரிது. அப்படி ஆடுபவர்கள் பட்டியலின் உச்சியில் இருக்கும் மெல்லிய உடல்காரர்களை மட்டும் நம்பாமல், சற்றுக் கீழே நின்றாலும் நின்று அடிப்பவற்றை அணியில் கலந்துகொள்வது நல்லது. டி.பி.எஸ். பட்டியல்களை அப்படியே ஒப்பிப்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இனி லீகுக்கு வருவோம். ஆளும் ஆளும் மோதும் பேட்டில் லீகில் மூவ்களுக்கு முற்றிலும் வேறு எண்கள். கிரேட் லீகில் சி.பி. 1,500க்கு மேல் போகக் கூடாது, அல்ட்ரா லீகில் 2,500. மாஸ்டர் லீகில் வரம்பில்லை. காலம் அரை வினாடி டர்ன்களாக ஓடுகிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஷீல்டு. ஒரு ஷீல்டு எவ்வளவு பெரிய சார்ஜ் மூவையும் விழுங்கிவிடும்.

இங்கே அதே வீனசாரை மறுபடி பாருங்கள். லீகில் நீண்ட காலம் இருந்த எண்களின்படி வைன் விப், ரேஸர் லீஃப் இரண்டுமே இரண்டு டர்ன். வைன் விப் 5 வலு, 8 எனர்ஜி. ரேஸர் லீஃப் 10 வலு, 4 எனர்ஜி. ஃப்ரென்ஸி பிளான்ட்டின் விலை இங்கே 45. வைன் விப் ஆறு முறை அடித்தால் போதும், ஆறே வினாடியில் ஃப்ரென்ஸி பிளான்ட் தயார். ரேஸர் லீஃபுக்குப் பன்னிரண்டு முறை, பன்னிரண்டு வினாடி. ரெய்டில் ஐந்து விழுக்காடு கூட நிற்காத வேறுபாடு லீகில் இரட்டிப்பாகிவிட்டது. வைன் விப் வீனசார் எதிராளியின் ஷீல்டுகளைச் சீக்கிரம் உருவிவிடும். ஒரு சார்ஜ் மூவைக் காட்டிப் பயமுறுத்தி இன்னொன்றை இறக்கும் தந்திரமும் அதற்குத்தான் சாத்தியம். ரேஸர் லீஃபைக் குப்பை என்று ஒதுக்கவும் முடியாது: ஃபாஸ்ட் மூவை ஷீல்டு தடுக்காது. விக்ட்ரிபெல் போன்றவை அந்த ஒரே பலத்தில் எதிராளியைத் தொடர்ந்து அரைத்துத் தள்ளும். வீனசாருக்கு ஃப்ரென்ஸி பிளான்ட் போன்ற மலிவான, வலுவான சார்ஜ் மூவ் இருக்கும்போது அந்தப் பாணி தேவையில்லை, அவ்வளவுதான்.

லீகில் இரண்டாவது சார்ஜ் மூவ் ஆடம்பரமல்ல, அவசியம். ஃப்ரென்ஸி பிளான்ட்டை மட்டும் வைத்திருக்கும் வீனசார், தன்னைப் போன்ற இன்னொரு புல் வகை எதிரே வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். நச்சு வகையான ஸ்லட்ஜ் பாம்ப் இருந்தால் புல்லையும் தேவதை வகையையும் அடிக்கலாம். இதற்கான செலவு போக்கிமானைப் பொறுத்தது. பல்பசார் போன்ற தொடக்கப் போக்கிமான்களுக்கு 10,000 ஸ்டார்டஸ்ட்டும் 25 கேண்டியும் போதும். கேண்டிக்கு 5 கிலோமீட்டர் நடக்க வேண்டியவற்றுக்கு 75,000 ஸ்டார்டஸ்ட், 75 கேண்டி. 20 கிலோமீட்டர் நடக்க வேண்டிய லெஜண்டரிகளுக்கு 100,000 ஸ்டார்டஸ்ட், 100 கேண்டி. ரெய்டில் அடிக்க மட்டுமே ஒன்றை வளர்க்கிறவர் இந்தச் செலவைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். ஒரே வகை அடியை இரண்டாகப் பிரித்து வைப்பதில் ரெய்டில் லாபம் குறைவு.

ஜிம்மில் காவலுக்கு வைப்பது தனிக் கணக்கு. அங்கே உங்கள் போக்கிமானை ஆட்டுவிப்பது நீங்களல்ல, ஆட்டமே. ஒரு நாளில் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 50 காயின். ஆகவே சிக்கனமாக யோசித்தால் போதும். சண்டை வகைகள் வந்து தாக்கும் என்று தெரிந்த பிளிஸ்ஸிக்கு ஜென் ஹெட்பட், டாஸ்லிங் கிளீம் கொடுப்பது, வருகிறவருக்கே திருப்பி அடிக்க உதவும். அதற்கு மேல் எனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை.

2024 செப்டம்பரில் தொடங்கிய மேக்ஸ் பேட்டில்கள் கணக்கை மறுபடி புரட்டின. டைனாமேக்ஸ் போக்கிமானின் மேக்ஸ் தாக்குதல் எந்த வகை என்பதை அதன் ஃபாஸ்ட் மூவே தீர்மானிக்கிறது. சாரிஸார்டுக்கு ஃபயர் ஸ்பின் இருந்தால் மேக்ஸ் அடி நெருப்பு. ஏர் ஸ்லாஷ் இருந்தால் பறக்கும் வகை. ஜைகான்டாமேக்ஸ் வடிவங்களுக்கு மட்டும் வகை நிலையானது. மேக்ஸ் மீட்டரைச் சீக்கிரம் நிரப்ப அரை வினாடியில் முடிகிற ஃபாஸ்ட் மூவ்களே உதவும் என்பதால், வலு எண்ணைப் பார்த்து ஃபாஸ்ட் மூவைத் தேர்ந்தவர்கள் இங்கே பின்தங்குகிறார்கள். ரெய்டு, லீக், மேக்ஸ் மூன்றிலும் ஃபாஸ்ட் மூவே அடித்தளமாக இருக்க, பேச்செல்லாம் சார்ஜ் மூவைச் சுற்றியே நடக்கிறது. சார்ஜ் மூவின் அசைவூட்டமும் பெயரும் பெரிதாக இருப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஐ.வி. பற்றி எழுப்பப்படும் ஆரவாரத்தையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கலாம். வீனசாரின் அடிப்படைத் தாக்கு எண் 198. ஐ.வி. தாக்கு 15 என்றால் 213. பூஜ்யம் என்றால் 198. அதாவது மிக மோசமானதற்கும் மிகச் சிறந்ததற்கும் இடையே எட்டு விழுக்காடு கூட இல்லை. 10க்கும் 15க்கும் இடையே இரண்டரை விழுக்காட்டைத் தொடவில்லை. நான்கு நட்சத்திரம் கிடைக்கவில்லையே என்று வருந்துபவர் கையில், தவறான வகை ஃபாஸ்ட் மூவோடு ஒரு டைரனிடார் தூங்கிக்கொண்டிருந்தால் அவருடைய வருத்தம் தவறான இடத்தில் இருக்கிறது. கிரேட் லீகில் சி.பி. வரம்பு காரணமாகக் குறைந்த தாக்கு ஐ.வி. உள்ளதே பல சமயம் மேல். அங்கே அஸூமரில்லுக்கு முழு நட்சத்திரம் தேடுவது வீண் உழைப்பு.

ஷேடோ போக்கிமான்கள் 20 விழுக்காடு கூடுதல் தாக்குதலோடு வருகின்றன. ரெய்டில் அவற்றுக்கு ஈடு குறைவு. ஆனால் ஃபிரஸ்ட்ரேஷன் என்ற பயனற்ற சார்ஜ் மூவ் ஒட்டிக்கொண்டே வரும். குறிப்பிட்ட சில நிகழ்வுகளின்போது மட்டுமே அதைச் சார்ஜ் டி.எம். போட்டு அகற்ற முடியும். அதை அகற்றாமல் கம்யூனிட்டி டே அன்று ஷேடோவை வளர்த்தால் சிறப்பு மூவ் வந்து சேராது, ஃபிரஸ்ட்ரேஷனே தொடரும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் அகற்றுங்கள், பிறகு காத்திருங்கள், பிறகு வளர்த்தெடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. மூன்று மாதத்துக்கு ஒரு பருவம் மாறுகிறது. பருவ மாற்றத்தில் லீக் மூவ்களின் எண்களும் மாறுகின்றன. பல ஆண்டுகள் கிரேட் லீகில் மெடிச்சாமைத் தூக்கி நிறுத்திய கவுன்ட்டரும் 2024இல் வலுவிழந்தது. அதனால் லீகுக்காக மட்டும் ஒரு லெஜண்டரியின் மீது லட்சம் ஸ்டார்டஸ்ட்டைக் கொட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ரெய்டுக்கு வளர்த்தது அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை: 2018 அக்டோபரில் மீட்டியோர் மாஷ் பெற்ற மெட்டாகிராஸ் பல ஆண்டுகள் எஃகுப் படையின் தலைவனாகவே இருந்தது. கையிருப்பு குறைவாக இருப்பவர் முதலில் ரெய்டுக்குச் செலவிடட்டும். லீகுக்கு மலிவானவை போதும்.

கடைசியாக, டி.எம். பற்றி. சாதாரண டி.எம்., பட்டியலில் உள்ள மற்ற மூவ்களில் ஏதோ ஒன்றைத் தரும். எதிர்பார்த்தது வரும்வரை போடலாம். ஆனால் கையில் ஏற்கெனவே சிறப்பு மூவ் இருந்தால் டி.எம். அதை அழித்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத் தட்டுங்கள். எலீட் டி.எம். அரிதாகவே கைக்கு வரும். அதை வீனசாருக்கோ மெட்டாகிராஸுக்கோ செலவிட வேண்டாம். கம்யூனிட்டி டே மூவ்கள் ஆண்டு இறுதி நிகழ்விலோ மறு கம்யூனிட்டி டேயிலோ பெரும்பாலும் திரும்பி வந்திருக்கின்றன. அதுவரை பரிணாமம் செய்யாமல் வைத்திருந்தால் செலவே இல்லை. எலீட் டி.எம்.மை, மறுபடி எப்போது வரும் என்று தெரியாத ரெய்டு லெஜண்டரிகளுக்கு, குறிப்பாக சைஸ்ட்ரைக் இல்லாத மியூட்டூவுக்கு, எடுத்து வையுங்கள்.